காக்கையும் பனம்பழமும்: மழையை ஆராயும் நான்கு முறைகள்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறியாதவர் நம்மில் இலர். காக்கை வந்து அமர்ந்தது உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஆயினும், பழத்தை வீழ்த்தியது காக்கைதானா, அன்றிக் காம்பு நைந்திருந்த பழம் தானாகவே விழுந்ததா என்பதை, பார்த்துக்கொண்டிருந்தவரின் கண்களைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. விளையாட்டாகச் சொல்லப்படும் இப்பழமொழிக்குள் விஞ்ஞானத்தின் கடினமான பிரச்சினைகளுள் ஒன்று அடங்கியிருக்கிறது.

புனே நகருக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் தக்காணப் பீடபூமியின் மீது ஒரு விமானம் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு மேகத்தினுள் புகுந்து மிக நுண்ணிய உப்புத் தூளைத் தூவிவிட்டுத் திரும்புகிறது. சிறிது நேரத்தில் மழை பெய்கிறது. கீழே நிற்கும் உழவர் அகமகிழ்கிறார். ஆனால் அம்மழை உப்பினால் பெய்ததா? உப்புத் தூவாதிருந்தாலும் அந்த மேகம் பெய்திருக்குமா?

இது பொழுதுபோக்குக்காகக் கேட்கப்படும் வினா அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியிலுள்ள மகாபலேசுவரத்தில் ஆண்டொன்றுக்கு 5,500 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. மலைக்குக் கிழக்கேயுள்ள புனேயில் அது சுமார் 700 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. மேலும் கிழக்கே செல்லச் செல்ல, பாராமதி, சோலாப்பூர் முதலிய பகுதிகள் மலையின் மழைமறைவில் அமைந்து, பருவமழை ஒருமுறை பொய்த்தாலும் பெருந்துன்பத்துக்கு ஆளாகின்றன. 1972-ஆம் ஆண்டு நாட்டின் பருவமழை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தபோது, மகாராஷ்டிரம் கடும் வறட்சியில் வாடியது. இத்தகைய இடத்தில், மழையைப் பெருக்க ஒரு வழி உண்டு என்று ஒருவர் சொன்னால், அது மெய்யா என்று அறிந்தே தீரவேண்டும். மெய்யாயின் அதைக் கைவிடுவது தவறு. பொய்யாயின் பொதுப் பணத்தையும் உழவரின் நம்பிக்கையையும் அதில் இறைப்பது அதனினும் பெரிய தவறு.

எண்களை அளந்து, திரட்டி, கணித்து உண்மையைத் தேடும் முறைக்கு அளவறி ஆராய்ச்சி என்று பெயர். அதன் அமைப்பைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பர்: விவரிப்பு ஆய்வு, ஒட்டுறவு ஆய்வு, ஒப்பீட்டு ஆய்வு, பரிசோதனை ஆய்வு. இந்நான்கும் ஒரே வினாவுக்குரிய நான்கு விடைகள் அல்ல. நான்கு வெவ்வேறு வினாக்களுக்கு உரியவை. எந்த அமைப்பைக் கொண்டு ஆராய்ந்தோமோ அதற்குத் தகுந்த முடிவையே சொல்லும் உரிமை நமக்கு உண்டு. மழையைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்நான்கு வகைகளுக்கும் புனே நகரமே உதாரணங்களை அளிக்கிறது.

விவரிப்பு ஆய்வு: எவ்வளவு?

முதல் வகை, உள்ளதை உள்ளவாறு அளந்து கூறுவது. இங்கு ஆராய்ச்சியாளர் எதையும் மாற்றுவதில்லை. எதற்கும் காரணம் கற்பிப்பதுமில்லை. எங்கே, எப்போது, எவ்வளவு என்னும் வினாக்களுக்கே விடை தேடுகிறார்.

இந்திய வானிலைத் துறை 1875-இல் நிறுவப்பெற்றது. அதன் தலைமை அலுவலகம் 1928-இல் சிம்லாவிலிருந்து, அக்காலத்தில் பூனா என்று வழங்கிய புனே நகருக்கு மாற்றப்பட்டது. 1944-இல் தலைமையகம் புதுடில்லிக்குச் சென்றுவிட்டபோதிலும், சிவாஜி நகரிலுள்ள பழைய கட்டடத்துக்குச் 'சிம்லா ஆபீஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாடெங்குமுள்ள மழைமானிகளில் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு எடுக்கப்படும் அளவுகள் ஆண்டாண்டாகத் திரட்டப்படுகின்றன. ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்திருந்தால்தான் அது 'மழை நாள்' என்று கணக்கில் சேரும். 1971 முதல் 2020 வரையிலான ஐம்பது ஆண்டுகளின் அளவுகளிலிருந்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை நாட்டில் பெய்யும் பருவமழையின் சராசரி 87 சென்டிமீட்டர் என்று வகுத்துள்ளனர்.

இப்பணி எளியது போலத் தோன்றும். ஆனால் அளவு என்பது என்ன, எந்தக் கருவியால், எந்நேரத்தில், எத்தனை இடங்களில் எடுக்கப்பட்டது என்பவற்றை முன்னரே வரையறுத்துக்கொள்ளாவிடில், ஓர் ஊரின் எண்ணை மற்றோர் ஊரின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது. 'இவ்வாண்டு மழை குறைவு' என்னும் சிறு வாக்கியத்துக்குப் பொருள் ஏற்படுவதே, எதைவிடக் குறைவு என்று சொல்ல ஒரு சராசரி இருப்பதால்தான். ஏனைய மூன்று வகை ஆய்வுகளும் இவ்வடித்தளத்தின் மீதே எழுகின்றன. எனினும் மழை ஏன் குறைந்தது என்று கேட்டால், விவரிப்பு ஆய்வு வாய் திறவாது.

ஒட்டுறவு ஆய்வு: எதனோடு எது?

தவளை கத்தினால் மழை வரும் என்கிறோம். தவளையின் குரல் மழையைப் பெய்விப்பதில்லை என்பது யாவரும் அறிந்ததே. காற்றின் ஈரம் தவளையையும் தூண்டுகிறது, மழைக்கும் முன்னோடியாகிறது. இருப்பினும் குடை எடுத்துச் செல்ல எண்ணுபவருக்குத் தவளையின் குரல் பயனுள்ள அறிகுறியே. ஒன்று கூடும்போது மற்றொன்று கூடுகிறதா, அன்றிக் குறைகிறதா, அத்தொடர்பு எவ்வளவு வலியது என்பவற்றைக் கண்டறிவதே ஒட்டுறவு ஆய்வு. அதன் வலிமையை -1 முதல் +1 வரையுள்ள ஓர் எண்ணால் குறிப்பர்.

தக்காணத்தையும் சென்னை மாகாணத்தையும் உலுக்கிய 1876–78 பஞ்சத்துக்குப் பின்னர், வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலையில் பனி மிகுந்த ஆண்டுகளில் பருவமழை குன்றுவதைக் கவனித்தார். அதை ஆதாரமாகக் கொண்டு 1886 முதல் பருவமழை முன்னறிவிப்பு வெளியிடப்பெற்றது. 1904-இல் துறைத் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் என்னும் கணித அறிஞர், உலகின் பல பகுதிகளின் காற்றழுத்தம், வெப்பநிலை, மழை ஆகியவற்றுக்கிடையே நூற்றுக்கணக்கான ஒட்டுறவுகளைக் கணித்தார். பசிபிக் பகுதியில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் அது இறங்கும் ஊசலாட்டத்தை அவர் கண்டது இம்முறையால்தான்.

வாக்கரிடம் நாம் கற்கவேண்டிய வேறொரு பாடமும் உண்டு. நூறு வகை அறிகுறிகளை மழையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவற்றுள் சில தற்செயலாகவே மழையோடு பொருந்திப்போகும். பொருந்தியதை மட்டும் பொறுக்கியெடுத்துப் பெருமை கொள்ளுதல் ஏமாற்றத்துக்கே வழி. அவ்வாறு பல தொடர்புகளிலிருந்து தேர்ந்தெடுத்த ஒன்றைச் சோதிக்க, சாதாரண அளவுகோலினும் கடுமையான அளவுகோல் வேண்டும் என்று அவர் 1914-லேயே எடுத்துக்காட்டினார்.

பிற்கால அனுபவமும் இதனை வலியுறுத்தியது. 1988 முதல் வானிலைத் துறை பதினாறு அறிகுறிகளைக் கொண்ட ஒரு கணித முறையைக் கையாண்டு வந்தது. 2002-இல் அம்முறை, பருவமழை சராசரியில் 101 சதவிகிதமாக இருக்கும் என்று காட்டிற்று. ஆனால் பெய்ததோ சராசரியைவிட 19 சதவிகிதம் குறைவு. பின்னர் அம்முறை கைவிடப்பட்டது. கணக்கில் பிழையில்லை, பழைய ஆண்டுகளில் கண்ட தொடர்பு வரும் ஆண்டுகளிலும் மாறாது நிற்கும் என்று எண்ணியதே இடர். ஒட்டுறவு முன்னறிவிப்புக்கு உதவும். ஆயின் அது காரணத்துக்குச் சான்று ஆகாது.

ஒப்பீட்டு ஆய்வு: இரு கூட்டங்களுள் வேறுபாடு என்ன?

மூன்றாம் வகையில், ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட ஒன்றை வைத்து ஆண்டுகளையோ, ஊர்களையோ, மக்களையோ இரு கூட்டங்களாகப் பிரித்து ஒப்பிடுகிறோம். யார் எந்தக் கூட்டத்தில் சேரவேண்டும் என்பதை ஆராய்ச்சியாளர் நிர்ணயிப்பதில்லை; இயற்கையோ வாழ்க்கையோ நிர்ணயித்துவிடுகிறது.

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் நீரின் வெப்பம் வழக்கத்துக்கு மேல் உயர்வதை எல் நினோ என்கிறோம். எல் நினோ தோன்றிய ஆண்டுகளை ஒருபுறமும், தோன்றாத ஆண்டுகளை மறுபுறமும் நிறுத்தினால், 1972, 1982, 1987, 2002, 2009 ஆகிய வறட்சி ஆண்டுகள் யாவும் முதற் பக்கத்தில் சேருகின்றன. இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆனால் 1997-இல் மிக வலிய எல் நினோ தோன்றியபோதும் பருவமழை சராசரியில் 102 சதவிகிதம் பெய்தது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ணகுமாரும் வெளிநாட்டு அறிஞர் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, எல் நினோவுக்கும் இந்தியப் பருவமழைக்கும் உள்ள தொடர்பு அண்மைக் காலத்தில் தளர்ந்துவிட்டதை எடுத்துரைத்தது. எந்த ஆண்டில் எல் நினோ தோன்றவேண்டும் என்று நாம் ஆணையிட முடியாது. ஆகவே அவ்வாண்டுகளில் கூடவே வந்த வேறு மாறுதல்களையும் விலக்க முடியாது.

இவ்வகைக்கும் அடுத்த வகைக்கும் நடுவே நிற்பது ஒன்றுண்டு. அதை 'அரைப் பரிசோதனை' எனலாம். இதில் மனிதன் தானே ஒரு செயலைச் செய்கிறான். ஆனால் எங்கே செய்வது, எங்கே செய்யாது விடுவது என்பதைத் தற்செயலுக்கு விடுவதில்லை. 1980-களில் தமிழ்நாட்டிலும், 2003-இல் கருநாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் வறட்சியின் நெருக்கடியில் மேகங்களில் விதை தூவப்பட்டது. அவற்றின் நோக்கம் மக்களின் துயர் தணித்தல். ஆதலின் மழை தரக்கூடிய மேகங்களைத் தேடிப்பிடித்தே தூவுவது இயல்பு. அதன் பின் அப்பகுதியை அண்டைப் பகுதியோடு ஒப்பிட்டு, 'இங்கு அதிகம் பெய்தது' என்றால், 'நீர் தேர்ந்தெடுத்த மேகம் முதலிலேயே சூல்கொண்டிருந்ததன்றோ?' என்று ஒருவர் கேட்கக்கூடும். அவ்வினாவுக்கு அவ்வமைப்பில் விடை இல்லை. காக்கையும் பனம்பழமும் மீண்டும் நம் முன்னே வந்து நிற்கின்றன.

பரிசோதனை ஆய்வு: எதனால்?

நான்காம் வகையில்தான் இவ்வினாவை நேருக்கு நேர் சந்திக்க இயலும். இதற்கு மூன்று உறுப்புகள் தேவை: ஆராய்ச்சியாளர் தாமே செய்யும் ஒரு மாற்றம், அம்மாற்றம் செய்யப்படாத ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி, எது எந்தப் பக்கம் சேரவேண்டும் என்பதை விருப்பு வெறுப்பின்றி முடிவு செய்யும் குலுக்கல். இந்தச் சமவாய்ப்பு முறையை, இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் பயிர்ப் பரிசோதனைகளை ஆராய்ந்த ரொனால்டு ஃபிஷர் 1920-களில் வகுத்தார். வயலில் ஒரு மூலை வளமானது, மறு மூலை சவுடானது. எந்த மூலைக்கு எரு இடுவது என்று உழவர் தம் விருப்பப்படி தேர்ந்தால், விளைச்சலின் பெருமை எருவுக்கா மண்ணுக்கா என்று தெரியாமற் போகும். சீட்டுக் குலுக்கிப் போட்டால் அக்குழப்பம் நீங்கும்.

புனேயின் வெப்பமண்டல வானிலையியல் கழகம் 1962-இல் தோன்றியது. அதன் விஞ்ஞானிகள் 1973, 1974, 1976 ஆகிய ஆண்டுகளிலும், 1979 முதல் 1986 வரையிலும், ஆக 11 பருவமழைக் காலங்களில், தக்காணத்தில் 4,800 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேகப் பரிசோதனை ஒன்றை நடத்தினர்.

முதலில் உப்பு எதற்கு என்று காண்போம். மேகத்திலுள்ள நீர்த்திவலைகள் மிகமிகச் சிறியன. ஏறத்தாழப் பத்து லட்சம் திவலைகள் ஒன்றுசேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி ஆகும். உப்புத் துகள் ஈரத்தை ஈர்த்து விரைவில் பெரிய திவலையாக வளர்கிறது. பெரிய திவலை வேகமாக இறங்கி, வழியிலுள்ள சிறு திவலைகளை மோதிச் சேர்த்துக்கொண்டு துளியாகிறது. தக்காணத்தில் பருவக்காற்றுக் காலத்துத் தாழ்ந்த மேகங்கள் உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பமுடையன. அவற்றுக்கு உப்பே ஏற்றது. மேகத்தின் அடிப்பகுதிக்கு 200 முதல் 300 மீட்டர் வரை மேலே, விமானம் உள்ளே புகுந்து தூளைத் தூவிற்று.

இனிப் பரிசோதனையின் அமைப்பைப் பார்ப்போம். நிலப்பரப்பில் இரு பகுதிகள் குறிக்கப்பட்டன. ஒன்றில் தூவிய உப்பு மற்றொன்றுக்குப் பரவி ஆய்வைக் கெடுக்காதிருக்க, இடையே ஒரு பகுதி வெறுமனே விடப்பட்டது. எந்தப் பகுதியில் தூவுவது என்பது குலுக்கலால் முடிவாயிற்று. மற்றது அன்றைக்குக் கட்டுப்பாட்டுப் பகுதி. வேறொரு நாள் இவ்விரண்டும் இடம் மாறும். இதற்கு 'மாற்றுப் பரிசோதனை அமைப்பு' என்று பெயரிடலாம். ஒரே நாளில் இரு பகுதிகளையும் ஒப்பிடுவதால், நாளுக்கு நாள் மாறும் வானிலையின் குழப்பம் நீங்குகிறது. பகுதிகள் இடம் மாறுவதால், ஒரு பகுதி இயற்கையாகவே மழை மிகுந்ததாக இருப்பினும் அக்குழப்பமும் நீங்குகிறது.

இரண்டாவது நன்மையை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. வடபகுதியில் தூவிய நாட்களில் அங்கே 18 மில்லிமீட்டர், தென்பகுதியில் 10 மில்லிமீட்டர், விகிதம் 1.8. தென்பகுதியில் தூவிய நாட்களில் அங்கே 12 மில்லிமீட்டர், வடபகுதியில் 15 மில்லிமீட்டர், விகிதம் 0.8. முதல் விகிதத்தை மட்டும் பார்த்தவர் மழை எண்பது சதவிகிதம் பெருகிற்று என்று கொண்டாடுவார். இரண்டாவதை மட்டும் பார்த்தவர் தூவியதால் மழை குறைந்தது என்று வருந்துவார். இருவரும் தவறினர். இரு விகிதங்களையும் பெருக்கினால் 1.44, அதன் வர்க்கமூலம் 1.2. வடபகுதி இயற்கையிலேயே ஒன்றரை மடங்கு மழை பெறுவதால் ஏற்பட்ட மயக்கம் பெருக்கலில் நீங்கி, தூவியதன் உண்மையான விளைவு 20 சதவிகிதம் என்பது வெளிப்படுகிறது.

தக்காணப் பரிசோதனையின் முடிவில் மழை 24 சதவிகிதம் பெருகியதாகக் கணக்கிடப்பட்டது. அதன் முக்கியத்துவ நிலை 4 சதவிகிதம். அதாவது, உப்பினால் யாதொரு விளைவும் இல்லை என்று கொண்டாலும், இத்தகைய வேறுபாடு தற்செயலாகவே தோன்றுவது நூற்றில் நான்கு முறைதான் என்பது பொருள். வியப்பூட்டும் செய்தி வேறொன்றும் உண்டு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் தடிப்பும் போதிய நீர்ச்செறிவும் உடைய மேகங்களே நற்பயன் தந்தன. தடிப்புக் குறைந்த மேகங்கள் உப்புத் தூவிய பின் கலைந்துபோகும் போக்கையே காட்டின. அதாவது, ஒரே மருந்து ஒருவருக்கு நன்மையும் மற்றொருவருக்குத் தீமையும் செய்வது போன்ற நிலை. குலுக்கலும் கட்டுப்பாட்டுப் பகுதியும் இல்லாதிருந்தால், கலைந்த மேகங்களை யாரும் கணக்கில் வைத்திருக்கமாட்டார்கள்.

இக்கழகமே 2009-இல் புதியதொரு மேக ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒரு கட்டமாக, சோலாப்பூர்ப் பகுதியில் 2018, 2019 ஆண்டுகளில் 276 மேகங்கள் குலுக்கல் முறைப்படி ஆராயப்பட்டன. ரேடாரும் நெருக்கமான மழைமானிகளும் துணைநின்றன. 2023-இல் வெளியான முடிவின்படி, ஆராய்ந்த பரப்பில் மழை சுமார் 18 சதவிகிதம் கூடியது. முன்னைய முடிவும் பின்னைய முடிவும் ஒரே திசையைக் காட்டுவது குறிப்பிடத்தக்கது. ஒரு பரிசோதனையின் மதிப்பு, அது மறுபடியும் செய்து பார்க்கப்படும்போதே உறுதி பெறுகிறது.

எந்த வினாவுக்கு எந்த அமைப்பு?

இவ்வளவும் சொன்னதால் பரிசோதனை ஆய்வே உயர்ந்தது, ஏனையவை தாழ்ந்தவை என்று கொள்ளலாகாது. பருவமழையைக் குலுக்கல் முறையில் ஒரு நாட்டுக்குக் கொடுத்து மற்றொரு நாட்டுக்கு மறுக்க யாரால் இயலும்? எல் நினோவை ஆராய ஒப்பீடே வழி. வரும் பருவத்தை முன்கூட்டி அறிய ஒட்டுறவு உதவும். இவை யாவற்றுக்கும் முன்னால், ஒவ்வொரு நாளும் காலையில் மழைமானியைத் தவறாமல் பார்க்கும் ஊழியரின் விவரிப்புப் பணி வேண்டும். குற்றம் அமைப்பில் இல்லை. ஓர் அமைப்பு தரமுடியாத முடிவை அதன் தலையில் ஏற்றுவதில் இருக்கிறது.

பரிசோதனையின் முடிவுக்கும் எல்லை உண்டு. தக்காணத்தின் பருவக்காற்று மேகங்களில் கண்ட 24 சதவிகிதம், வடகிழக்குப் பருவக்காற்றை நம்பியிருக்கும் இராமநாதபுரத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அங்கே மேகத்தின் இயல்பு வேறு. ஆகவே அங்கே தனியாகச் சோதிக்கவேண்டும். மேலும், மேகமே இல்லாத வானத்தில் தூவுவதற்கு எதுவுமில்லை. வறட்சி மிகக் கொடிதாக இருக்கும்போதுதான் ஏற்ற மேகங்களும் அரிதாகின்றன. எனவே மேகத்தை நம்பிக் குளத்தைத் தூர்த்துவிடலாகாது.

இனி ஒரு செய்தி நம் காதுக்கு எட்டும்போது, அது மழையைப் பற்றியதாயினும், மருந்தைப் பற்றியதாயினும், புதிய விதைநெல்லைப் பற்றியதாயினும், நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோமாக. எதை, எவ்வாறு அளந்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? எந்தப் பக்கம் எது என்பதை யார் தீர்மானித்தார்கள்? மறுபடியும் செய்து பார்த்தார்களா? இவற்றைக் கேட்பதற்கு உயர்கணிதம் தேவையில்லை. சிறிது பொறுமை போதும். பாராமதியின் உழவர் வானத்தைப் பார்த்துக் கேட்கும் வினாவுக்கு நேர்மையான விடையளிக்கப் பதினொரு பருவங்கள் பிடித்தன. விஞ்ஞானம் மெதுவாக நடப்பது ஏன் என்று கேட்பவருக்கு இதுவே பதில்: பனம்பழம் ஏன் விழுந்தது என்பதை அறிய, காக்கை வந்து உட்காராத மரங்களையும் அது கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது.